மெசினுக்கு ஆவாத துணி

என் மதினியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்கிறேன், சொல்லாமல் எங்கே போகப் போகிறேன். ஆனால் இந்தக் கோபத்தை இறக்கி வைத்தால்தான் மற்றதைச் சொல்ல வாய் வரும்.

மதினி என்றால் என் அண்ணனின் மனைவி. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு அவள் மருமகளாக வந்தபோது நான் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஒல்லியான உடம்பு. கை மட்டும் பெரியது. அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. யார் என்ன சொன்னாலும் "சரி" என்பாள். அந்த "சரி"க்கு, நீ சொல்லி முடித்துவிட்டாய் என்பதுதான் அர்த்தம். நான் செய்வேன் என்று அர்த்தமில்லை. இது எனக்கு விளங்க இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை தாங்காது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து படுத்த படுக்கை. ஞாபகமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டு வந்தது. ஒரு நாளைக்கு நாலு விரிப்பு, ஐந்து விரிப்பு நனையும். அதோடு நைட்டி, துண்டு, அடியில் போடுகிற பழந்துணி. இத்தனையையும் மதினி புறவாசல் துவைகல்லில் போட்டுக் கையால் துவைத்தாள். அங்கே வருவது போர் தண்ணீர். எங்கள் தெருவில் அது வாயில் வைக்க முடியாத உப்பு. அந்தத் தண்ணீரும் சோப்பும் சேர்ந்து அவளுடைய விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சில நாள் ரத்தம் கசியும். நான் ஊருக்குப் போனால் அந்தக் கையால்தான் காப்பி தருவாள். தம்ளரை வாங்கும்போது கையைப் பார்க்காமல் வாங்க முடியாது.

எனக்குச் சென்னையில் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. மாதம் ஒருமுறை வெள்ளிக்கிழமை ரயில் ஏறுவேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அம்மாவோடு இருந்துவிட்டுத் திரும்புவேன். மதினியின் கையைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல், ஒரு வாஷிங் மெஷினும் துணியைக் காயவைத்துக் கொடுக்கிற ட்ரையரும் சேர்த்தே வாங்கி அனுப்பினேன். எதிர்வீட்டு அத்தை வந்து பார்த்துவிட்டு, "திருநெவேலி வெயிலுக்கு மெசின் வச்சு காயவைக்கணுமாக்கும்? நல்லா இருக்கு கூத்து" என்றாளாம். அவளுக்கு என்ன, ஐப்பசி கார்த்திகையில் விரிப்பு காயாமல் எங்கள் வீடு நாறுவது அவளுக்கா தெரியும் என்று நான் போனிலேயே பொருமினேன்.

மெஷினை மாட்டிக் கொடுக்க வந்த பையனிடம் மதினி கேட்ட கேள்விகளை அண்ணன் இன்னும் சொல்லிச் சிரிப்பான். டிரம்மில் எவ்வளவு துணி போடலாம், பவுடர் எத்தனை மூடி, கதவில் இருக்கிற ரப்பர் வளையத்தில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும், ட்ரையர் வடிகட்டியில் சேருகிற பஞ்சை எப்போது எடுக்க வேண்டும் என்று ஒன்றுவிடாமல் கேட்டாளாம். கூட வந்த புத்தகத்தில் தமிழில் இருந்த பக்கங்களைத் தனியாகக் கிழித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த மெஷினை அவள் வைத்துக்கொண்ட மாதிரி யாரும் வைத்திருக்க மாட்டார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு தடவை ஓடி முடிந்ததும் ரப்பர் வளையத்தை மடக்கி உள்ளே வரைக்கும் துடைப்பாள். கதவைச் சாத்தாமல் ஒரு சாண் திறந்து வைப்பாள், உள்ளே பூசணம் பிடிக்காமல் இருக்க. மாதம் ஒருநாள் உப்பெடுக்கிற தூளைப் போட்டு வெந்நீரில் காலியாக ஓடவிடுவாள். பழைய சேலையை வெட்டி உறை தைத்துப் போட்டிருந்தாள். அண்ணனிடம் சொல்லி, ஆற்றுத் தண்ணீர் விழுகிற தொட்டியிலிருந்து மெஷினுக்கென்று தனிக் குழாய் இழுக்க வைத்தாள். போர் தண்ணீர் போனால் உப்புப் படிந்து கெட்டுவிடுமாம். ஆக, மெஷினுக்குத் தாமிரபரணி, மதினிக்குப் போர் தண்ணீர். வருஷ சர்வீசுக்கு வந்தவன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "யக்கா, இது நேத்து கடையில இருந்து வந்த மாரில்லா இருக்கு" என்று அசந்துபோனான்.

ஏன் இருக்காது? அதற்குள் என்ன போயிற்று என்று கேளுங்கள். அண்ணனின் ஆபீஸ் சட்டை, ஜன்னல் திரை, தலையணை உறை. நான் போனால் என் சுடிதார். அவ்வளவுதான்.

அம்மாவின் விரிப்பை ஏன் போடவில்லை என்று கேட்டேன். "அந்த வாடை டிரம்முல பிடிச்சுக்கிடும் பிள்ள. அது மெசினுக்கு ஆவாது" என்றாள். சரி, துண்டை? "நாரு உதிரும், ஆவாது." நைட்டியை? "பொத்தான் தெறிச்சு உள்ள போயிரும், ஆவாது." பழந்துணியை? "அது என்னத்துக்கு பிள்ள, பழந்துணிக்குப் போயி கரண்ட்டு?" ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும். ஒரு காரணத்தை நான் உடைத்தால் அடுத்தது வரும். சர்வீசுக்கு வந்தவனை அவள் முன்னாலேயே கேட்டேன். அறுபது டிகிரி வெந்நீரில் போட்டால் வாடையும் நிற்காது, கிருமியும் நிற்காது, மெஷினுக்கு ஒன்றும் ஆகாது என்று அவன் அடித்துச் சொன்னான். மதினி கவனமாகக் கேட்டுக்கொண்டு "சரி தம்பி" என்றாள். மறுநாள் விடிந்ததும் புறவாசலில் துணி அடிக்கிற சத்தம் கேட்டது.

நான் சென்னையில் இருக்கும் நாட்களில் தினமும் காலை ஏழரை மணிக்குப் போன் செய்வேன். அந்நேரம் மதினி துவைகல்லில் இருப்பாள். அம்மாவைத் தனியாக விட முடியாது. தன்னால் நடக்க முடியாது என்பதையே மறந்து கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பாள். அதனால் அண்ணன்தான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். அவன்தான் போனை எடுத்து அம்மாவின் காதில் வைப்பான். அம்மா என்னோடு இரண்டு வார்த்தை பேசுவாள், பிறகு அவனிடம், "ஏல, காப்பி குடிச்சியா?" என்று கேட்பாள். குடித்தேன் என்பான். ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் கேட்பாள். பின்னால் தொப், தொப் என்று துணி அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அண்ணே, மெசினு என்னாச்சு?"

"நல்லா இருக்குட்டி. ஒங்க மதினி பளபளன்னு தொடச்சு வச்சிருக்கா."

"தொடச்சு வைக்கவா வாங்கிக் குடுத்தேன்?"

"அவகிட்ட நீயே கேளு. எனக்கு ஆபீசுக்கு நேரமாவுது."

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கும் என்பதுதான் இன்னும் எரிச்சல். ஒரு பொங்கலுக்குப் போயிருந்தபோது, இன்றைக்கு ஒருநாள் நான் காட்டுகிறேன் என்று வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளி மெஷினில் போட்டேன். மதினி வாசலில் நின்று, "பிள்ள, அந்தப் புது வேட்டி…" என்று இழுத்தாள். "நீங்க சும்மா இருங்க மதினி" என்று பொத்தானை அமுக்கிவிட்டேன். புது வேட்டியை உடுத்தும் முன் நுனியில் மஞ்சள் தடவியிருந்தது. மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும் என்பது எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். கோபத்தில் எது ஞாபகம் இருக்கிறது? வெளியே எடுத்தால் அண்ணனின் வெள்ளைச் சட்டை, அம்மாவின் விரிப்பு எல்லாவற்றிலும் செங்காவித் திட்டு. மதினி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரு தடவை கையால் அலசித் தட்டட்டியில், அதுதான் எங்கள் மொட்டைமாடியில், வெயிலில் விரித்துப் போட்டாள். மஞ்சள் கறை வெயிலுக்கு நிற்காது. மூன்றாம் நாள் எல்லாம் வெளுத்துவிட்டது. ஏசியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்னொரு தடவை சாத்தான்குளத்தில் எங்கள் மாமா ஒருவர் இறந்துபோய்த் துட்டிக்குப் போய்வந்தோம். துட்டி வீட்டுக்குப் போன துணியை அப்படியே நனைத்து அலச வேண்டும், அதை மெஷினில் போட்டால் மெஷினுக்கும் தீட்டு என்றாள். இரும்புக்கு ஏது மதினி தீட்டு என்றேன். "இரும்புக்கு இல்லாட்டியும் அதுல நாளைக்குப் போடுத சட்டைக்கு உண்டுல்லா" என்றாள். முழங்கால் வலியோடு குத்தவைத்து ஆறு பேர் துணியையும் அலசினாள். என்ன சொல்லி இந்தப் பொம்பளையைத் திருத்துவது என்று நான் பேசுவதையே விட்டுவிட்டேன்.

மெஷின் வாங்கிக் கொடுத்தபின் நான் போவதும் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆபீசில் ஆள் பற்றாக்குறை. மாதம் ஒருமுறை என்பது இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிப்போயிற்று.

அந்த வருஷம் கார்த்திகையில் விடாமல் அடைமழை. பாபநாசம் அணையைத் திறந்துவிட்டு ஆற்றில் வெள்ளம் போகிறது என்று எல்லோரும் பாலத்துக்குப் போய் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு வாரமாக வெயில் முகமே இல்லை. ஒருநாள் காலைப் போனில் அண்ணன், "அம்மைக்கு முதுகுல லேசா புண்ணு வந்திருக்கு" என்றான். படுக்கைப் புண் வந்தால் அது ஆளைக் கொண்டுபோகாமல் விடாது என்று கேட்டிருக்கிறேன். ஊசி போட வருகிற நர்சம்மாவிடம் பேசினேன். விரிப்பு சரியாகக் காயவில்லை, ஈரம் பட்டுப் பட்டுத் தோல் ஊறிவிட்டது என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பத்து நாள் லீவு சொல்லிவிட்டு அன்றைக்கே ரயில் ஏறினேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் கூடம் முழுவதும் கொடி கட்டி விரிப்பு தொங்குகிறது. நாற்காலி முதுகில் ஒன்று. மின்விசிறிக்கு நேர் கீழே ஒன்று. ட்ரையர் தன் உறையோடு மூலையில் நிற்கிறது, அதற்கு மேலேயே பாதி காய்ந்த விரிப்பு ஒன்று மடித்துக் கிடக்கிறது. தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

"மதினி, ஒங்களுக்குக் கோட்டி பிடிச்சிருக்கா?"

வயதில் மூத்தவளைப் பைத்தியமா என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அதோடும் நிற்கவில்லை. "எங்கம்மைக்குப் புண்ணு வச்சு சாவட்டும்னா இதப் பூட்டி வச்சிருக்கீய?" என்று கத்தினேன். அம்மா உள்ளேயிருந்து, "யாருட்டி அது சண்டை போடுதது?" என்றாள். மதினியின் முகம் சிறுத்துப் போயிற்று. "சரி பிள்ள" என்று சொல்லி நகர்ந்து நின்றாள்.

உறையை உருவி எறிந்தேன். எல்லா விரிப்பையும் அறுபது டிகிரியில் போட்டு எடுத்து ட்ரையரில் தள்ளினேன். முதல் விரிப்பை வெதுவெதுப்பாகக் கொண்டுபோய் அம்மாவுக்குக் கீழே விரித்தேன். அம்மா அதைத் தடவிப் பார்த்து, "மழ விட்டுட்டாட்டி? வெயில்ல காஞ்ச மாரில்லா இருக்கு" என்றாள். எனக்கு அழுகையும் வந்தது, ஜெயித்துவிட்டோம் என்ற மிதப்பும் வந்தது. மிதப்புதான் கூட.

ஒன்பது நாள் நான்தான் மெஷினை ஓட்டினேன். மெஷினும் ட்ரையரும் அம்மாவின் அறையை ஒட்டிய நடையில் இருந்தன. துணியைப் போட்டுவிட்டு அம்மா பக்கத்திலேயே இருக்கலாம். புண் வாடி, விளிம்பில் புதுத்தோல் கட்ட ஆரம்பித்தது. நர்சம்மா என்னைப் பாராட்டினாள். அண்ணன், "இப்பந்தான் வீடு வீடா இருக்கு" என்று செய்தித்தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். தினமும் அப்படித்தான் போனான். ஒன்பது மணிக்கு இறங்கி வந்து, அறை வாசலில் நின்று, "வாரேம்மா" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் புறப்படுவான். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அம்மா என்னிடம், "அவன் ஊருக்குப் போயிருக்கானாட்டி?" என்று கேட்டாள். "மாடியிலதாம்மா இருக்கான்" என்று சொல்லிவிட்டு ட்ரையர் வடிகட்டியில் பஞ்சு எடுக்கப் போய்விட்டேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். மதினியும் நானும் விரிப்பின் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். அவளுடைய கையில் வெடிப்பு கொஞ்சம் மூடியிருந்தது. நான் அதைச் சொல்லிக் காட்டினேன்.

"பாத்தீயளா மதினி? ஒம்பதே நாளு. இத மொதல்லயே செஞ்சிருந்தா இந்தக் கை இப்பிடிப் புண்ணாயிருக்குமா?"

"ஒண்ணு கேட்டா ஏசக்கூடாது" என்றாள்.

"கேளுங்க."

"இந்த ஒம்பது நாள்ல ஒங்க அண்ணன் ஒருக்கா அத்தைகிட்ட உக்காந்தாவளா?"

நான் யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது, உட்காரவில்லை.

"அவியளுக்கு அந்த வாடை தாங்காது பிள்ள. அத்தை விழுந்து மொத ஆறு மாசம் ரூமுக்குள்ள காலே வைக்கல. வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டு ஓடிருவாவ. பாசம் இல்லாம இல்ல. பயம். அத்தை அவியளத்தான் கேட்டுக்கிட்டே கெடப்பாவ. நான் ஒருநா துணிய அள்ளிக்கிட்டே, என் கையெல்லாம் அழுக்கு, அத்தை எறங்கிராம செத்த நேரம் பாத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டுப் பொறவாசலுக்குப் போயிட்டேன். வேற வழியில்லாம உக்காந்தாவ. அன்னைக்குப் பத்து நிமிசம். அப்புறம் அர மணி. நானும் பைய பையத் தொவைக்க ஆரம்பிச்சேன். இப்பம் ஒன்றர மணி நேரம் உக்காருதாவ. அத்தைக்குத் தல சீவி விடுதாவ. நீ போன் பண்ணுதேல்லா, அந்நேரந்தான். மெசின்ல போட்டா பத்து நிமிசத்துல என் கை காஞ்சிரும். காஞ்ச கையோட நான் வந்து நின்னா அவிய எந்திச்சுப் போயிருவாவ."

கையிலிருந்த விரிப்பு முனையை விட்டுவிட்டேன். அவள் குனிந்து எடுத்தாள்.

"இத வாயத் தொறந்து அவன்ட்ட சொல்ல வேண்டியதுதான மதினி! பெத்த தாய்கிட்ட உக்காருன்னு சொல்ல என்ன?"

"சொன்னா ரெண்டு நாளு உக்காருவாவ. மூணாவது நா, ஒரு ஆள வச்சிருவோம்பாவ. ஆள வச்சுட்டா அவிய வரவேண்டாம்லா." விரிப்பை நீவி மடித்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "மெசினு வாரதுக்கு முந்தி நீ மாசம் ஒருக்கா வந்துக்கிட்டிருந்த பிள்ள."

எனக்கு மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. அவள் குத்திக்காட்டவில்லை, குத்திக்காட்டுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. உள்ளதைச் சொன்னாள். ஆபீசில் ஆள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கே அது கேவலமாகப் பட்டது. அதனால் அவளிடமே பாய்ந்தேன்.

"அப்பம் அந்தப் புண்ணு? அவன் உக்காரணும்னு எங்கம்மை முதுகு அழுகணுமா?"

"அது என் தப்புதான்" என்றாள் உடனே. "ட்ரையர்ல போட ஆரம்பிச்சா, தொவைக்கவும் அதுலயே போடுன்னு நீங்க ரெண்டு பேரும் நெருக்குவீயன்னு பயந்துட்டேன். இவ்வளவு மழ பெய்யும்னு நெனைக்கல. இனி கையால தொவைச்சுட்டு ட்ரையர்ல காய வைக்கேன். அத்தை முதுகுக்கு நான் பொறுப்பு. இத மட்டும் ஒங்க அண்ணன்ட்ட சொல்லிராத. சொன்னா அவியளுக்கு அசிங்கமாயிரும். அப்புறம் உக்கார மாட்டாவ."

அப்போதுதான் எனக்குப் பழைய விஷயம் ஒன்று உறைத்தது. அப்பா போய்ச் சேருவதற்கு மூன்று வருஷம் முன்னால் அவருக்குச் சர்க்கரை வந்து டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். அப்பா எழுந்திருப்பாரா? மதினிக்கு அந்த மூன்று வருஷமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கருவேப்பிலை இல்லாமல் போகும். "மாமா, மறந்துட்டேன்" என்பாள். அப்பா திட்டிக்கொண்டே மார்க்கெட் வரைக்கும் போய்வருவார். இவளுக்கு மறதி என்று நாங்கள் எல்லோரும் கேலி செய்வோம். ஒருநாளும் அவள் மறுத்துச் சொன்னதில்லை.

இந்த மாதிரி மனுஷியோடு எப்படி வாழ்வது, சொல்லுங்கள். தான் கெட்ட பேர் வாங்கி, தன் கையைப் புண்ணாக்கி, மற்றவர்களை நல்லவர்களாக்கி வைக்கிறது. நல்லவர்களானதே அவர்களுக்குத் தெரியாது. எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது உண்மை. கோபம் போகவில்லை என்பதும் உண்மை. இன்னும் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். டிக்கெட் எடுத்தாயிற்று என்று மறுநாள் கிளம்பிவிட்டேன். நான் சூட்கேஸோடு படியிறங்கும்போது புறவாசலில் துணி அடிக்கிற சத்தம் கேட்டது. அண்ணன் அறைக்குள்ளிருந்தே, "பாத்துப் போட்டி" என்றான்.

புண் ஆறிவிட்டது. மதினி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதற்குப் பிறகு அம்மா படுத்த விரிப்பு ஒருநாளும் ஈரமாக இருந்ததில்லை என்று நர்சம்மா சொன்னாள். மாசி மாதத்தில் ஒருநாள் காலை, மதினி துவைகல்லில் இருந்தபோது, அண்ணன் அம்மாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தான். அம்மா அவனிடம் காப்பி குடித்தாயா என்று கேட்டாள். குடித்தேன் என்றான். மறுபடி கேட்பாள் என்று காத்திருந்தான். கேட்கவில்லை. குனிந்து பார்த்தால் மூச்சு இல்லை. அவன் மடியில்தான் தலை இருந்தது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. அண்ணன் சொந்தக்காரர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னான். "எங்கம்மைக்குக் கடைசி நேரத்துல நான் பக்கத்துல இருந்தேன். எம்மடியிலதான் போச்சு உயிரு." சொல்லும்போதெல்லாம் அவன் கண் நிறைந்தது. கேட்டவர்களும் துடைத்துக்கொண்டார்கள். குடுத்துவச்ச மகன் என்றார்கள். எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த சித்தி, "அப்பம் இவ எங்க போனா?" என்று கேட்டாள்.

"பொறவாசல்ல தொவைச்சுக்கிட்டிருந்தா" என்றான் அண்ணன்.

"அதான் மெசினு ரெண்டு நிக்குல்லா? ஒரு உசுரு போவுத நேரத்துல இவளுக்கு அங்கன என்ன வேல?"

"அவளுக்கு அப்படி ஒரு பிடிவாதம் சித்தி. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்."

சித்தி என் பக்கம் திரும்பி என் முதுகைத் தடவினாள். "பாவம், நீ அங்கயிருந்து பாத்துப் பாத்து வாங்கி அனுப்பின. அதத் தொடக்கூட இல்லியாமே. மக செஞ்சத மருமவ செய்யவிடல, என்னட்டி?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். அண்ணனிடம் சொல்லாதே என்று மதினி சொன்னது அம்மா இருந்த வரைக்கும்தான். அம்மா போய்ப் பதினாறு நாள் ஆகியிருந்தது. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையில் என்மேல் இருந்த இரக்கம் எனக்கு வேண்டியிருந்தது.

"ஆமா சித்தி, சொன்னா கேக்கவே மாட்டாவ" என்றேன்.

மதினி அப்போது என் இலைக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.